விலை தெரிந்தால் போதுமா?

1997 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை காலை. வட கேரளத்தின் வடகரை கடற்கரையில் மத்தி மீனோடு வந்து நின்ற 11 படகுகளுக்கு வாங்க ஆளில்லை. வந்திருந்த வியாபாரிகள் தங்களுக்கு வேண்டியதை வாங்கி முடித்துவிட்டார்கள். மிஞ்சிய மீனைக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதே காலையில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் சோம்பாலிலும் கொயிலாண்டியிலும் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

இது ஏதோ ஒரு நாள் நடந்த கோளாறு இல்லை. ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர், 1996 முதல் 2001 வரை கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு பகுதிகளின் 15 கடற்கரைச் சந்தைகளில், 300 மத்திப் படகுகளைப் பற்றி வாரந்தோறும் விவரம் திரட்டினார். எந்தக் கரையில் விற்றார்கள், என்ன விலை கிடைத்தது, எவ்வளவு மீன் விற்காமல் போனது என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தார். அவர் கணக்குப்படி பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் இப்படி வீணாகிக்கொண்டிருந்தது. மத்தி என்பது கேரளத்து ஏழை வீடுகளின் அன்றாடக் குழம்பு மீன். குமரி, நெல்லைக் கரைகளில் நாம் சாளை என்று சொல்வது அதைத்தான். ஒரு கரையில் அது குப்பை. அடுத்த கரையில் கிடைக்காத சரக்கு.

ஏன் அந்தப் படகுகள் பக்கத்துச் சந்தைக்குப் போகவில்லை? போயிருக்கலாம். ஆனால் அங்கே என்ன நிலைமை என்று கடலில் இருப்பவருக்குத் தெரியாது. கொயிலாண்டிக்குப் போனால் அங்கும் இதே கூட்டம் இருக்கலாம். போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும், எரிபொருள் செலவாகும். மத்திச் சந்தை விடியற்காலையில் தொடங்கிச் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். மீனோ வெயில் ஏறினால் கெட்டுப்போகும். அதைப் பதப்படுத்தி வைக்கும் வசதி கரையில் கிடையாது. ஒரு கரையில் இறங்கிப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குப் போக நேரம் இருக்காது. ஆகவே எல்லாரும் சொந்தக் கரைக்கே திரும்பினார்கள். அறியாமையால் எடுத்த முடிவு அல்ல இது. கையில் இருந்த தகவலுக்கு அதுதான் சரியான முடிவு.

விலை தேடி அலைவதற்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பொருளியலில் அழுத்தமாக எழுதியவர் ஜார்ஜ் ஸ்டிக்லர். அவருடைய கட்டுரை வந்தது 1961-ல். அதுவரை பாடநூல்கள் சொன்ன சந்தையில் எல்லாருக்கும் எல்லா விலையும் தெரியும். போக்குவரத்துச் செலவைக் கழித்துவிட்டால் ஒரே பொருளுக்கு எங்கும் ஒரே விலைதான் இருக்கும். மலபார்க் கரையில் அந்த விதி ஒருநாளும் செல்லுபடியாகவில்லை. தேடும் செலவு அவ்வளவு பெரிதாக இருந்தது.

1997-ன் தொடக்கத்தில் கோழிக்கோட்டுப் பகுதிக்குச் செல்போன் வந்தது. மீனவர்களை நினைத்து யாரும் கொண்டுவரவில்லை. கம்பெனிகளுக்கு வேண்டியிருந்தது நகரத்து வாடிக்கையாளர்கள். ஆனால் கேரளத்தின் நகரங்களும் நெடுஞ்சாலையும் கடலை ஒட்டியே ஓடுவதால் டவர்களும் கடலோரம் எழுந்தன. செல்போன் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. நிலத்தில் கட்டடமும் குன்றும் தென்னந்தோப்பும் அவற்றை மறித்து வலுவிழக்கச் செய்யும். கடலில் மறிக்க எதுவும் இல்லை, பூமியின் வளைவைத் தவிர. 50 மீட்டர் உயரத்தில் ஏறி நின்று பார்த்தால் தொடுவானம் சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும். அலைகள் காற்றுமண்டலத்தில் சற்றே வளைவதால் அதையும் கொஞ்சம் தாண்டும். அந்தக் காலத்து 2ஜி முறையில் வேறொரு வரம்பும் இருந்தது. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவர் முறையும் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தூரத்திலிருந்து வரும் அலை தாமதமாக வந்து அடுத்தவர் முறையில் மோதாதிருக்க, போன் தன் அலையைச் சற்று முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அப்படி முன்கூட்டி அனுப்புவதற்கு விட்ட அவகாசம் 35 கிலோமீட்டர் தூரத்தோடு தீர்ந்துவிடும். நடைமுறையில் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை பேச முடிந்தது. மத்திப் படகுகள் வலை வீசுவதும் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்தான். எந்தத் திட்டக் குழுவும் உட்கார்ந்து யோசிக்காத பொருத்தம்.

படகுக்காரர்கள் கடலிலிருந்தே கரைகளைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கினார்கள். வலையை இழுத்து முடித்ததும் நாலு கரைக்கு ஒரு போன். எங்கே ஆள் நிற்கிறது, என்ன விலை போகிறது என்று கேட்டுவிட்டுப் படகைத் திருப்புவது. சொந்தக் கரைக்கு வெளியே விற்பது அதுவரை அபூர்வம். போன் வந்தபின் சுமார் மூன்றில் ஒருவர் அப்படி விற்றார்கள்.

விளைவைச் சொல்லும் எண்களில் முதலாவது விலைச் சிதறல். ஒரே நாளில், ஒரே மீனுக்கு, பக்கத்துப் பக்கத்துச் சந்தைகளில் கிடைக்கும் விலை சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. போனுக்கு முன் அது 60 முதல் 70 சதவீதம். போனுக்குப் பின் 15 சதவீதமோ அதற்கும் கீழோ. வீணாகும் மீன் அநேகமாக இல்லாமலே போயிற்று. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. கரையில் மத்தி வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. விற்பவருக்குக் கூடுதல், வாங்குபவருக்கும் ஆதாயம் என்றால் நடுவில் யாரோ ஏமாந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். யாரும் ஏமாறவில்லை. கொட்டப்பட்ட மீன் சட்டிக்குப் போயிற்று, அவ்வளவுதான். போனே வாங்காத படகுகளுக்கும், குறைவாகத்தான் என்றாலும், லாபம் கூடியது. மற்றவர்கள் வேறு கரைக்குப் போய்விட்டதால் சொந்தக் கரையில் கூட்டம் குறைந்தது அல்லவா?

இதற்கெல்லாம் போன்தான் காரணம் என்று எப்படி நம்புவது? அதே ஆண்டுகளில் எரிபொருள் விலை மாறியிருக்கலாம், மீன்வளம் மாறியிருக்கலாம். இங்கே ஜென்சனுக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தது. டவர்கள் மூன்று பகுதிகளுக்கும் ஒரே நாளில் வரவில்லை. கோழிக்கோட்டுக்கு 1997, கண்ணூருக்கு 1998, காசர்கோட்டுக்கு 2000. கோழிக்கோட்டில் விலைகள் அடங்கியபோது கண்ணூரில் பழைய குழப்பம் தொடர்ந்தது. கண்ணூரில் அடங்கியபோது காசர்கோட்டில் தொடர்ந்தது. ஒவ்வொரு இடத்திலும் மாற்றம் டவர் வந்த கையோடு வந்தது. சமூகத்தைச் சோதனைக்குழாயில் போட முடியாது. ஆனால் எப்போதாவது வரலாறே சோதனையைச் செய்து காட்டிவிடும். 2007-ல் வெளியான ஜென்சனின் கட்டுரை உலகமெங்கும் மேற்கோள் ஆனது. வறுமை ஒழிப்பைப் பற்றிய மாநாட்டு மேடைகளில் இந்த மத்தி மீன் ஏறாத மேடை குறைவு.

மேடைகளில் வராத ஒரு பின்கதையும் உண்டு. ஜென்சனும் நோலன் மில்லர் என்ற ஆய்வாளரும் அதை 2018-ல் எழுதினார்கள். போன் வருவதற்கு முன் மீனவர்கள் உள்ளூர்த் தச்சரிடமே படகு செய்தார்கள். வேறு ஊர்த் தச்சரின் படகு எத்தனை ஆண்டு தாங்கும் என்று அறிய வழியில்லை. வேறு கரைகளில் மீன் விற்கப் போனவர்கள் அங்குள்ளவர்களோடு பேசினார்கள், அவர்களுடைய படகுகளைப் பார்த்தார்கள். நன்றாகச் செய்யும் தச்சர்களைத் தேடி வெளியூர் ஆட்கள் வந்தார்கள், அந்தப் பட்டறைகள் வளர்ந்தன. மற்றவை மூடப்பட்டன. மீனவருக்கு நல்ல படகு கிடைத்தது உண்மை. மூடிய பட்டறைகளில் இருந்தவர்களும் பணக்காரர்கள் இல்லை என்பதும் உண்மை.

சரி, மீனுக்கு நடந்தது தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் நடக்க வேண்டும்தானே? அப்படித்தான் பலரும் எண்ணினார்கள். 2007-ல் ராய்ட்டர்ஸ் நிறுவனம் மராட்டிய விவசாயிகளுக்குச் சந்தை விலையும் வானிலையும் பயிர்க் குறிப்புகளும் குறுஞ்செய்தியாக அனுப்பும் சந்தாச் சேவையைத் தொடங்கியது. மார்செல் ஃபாஃப்சாம், பார்ட் மின்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை முறையான சோதனையாகவே நடத்திப் பார்த்தார்கள். 100 கிராமங்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த கிராமங்களில் ஓராண்டுக்கு இலவசச் சந்தா, மற்றவற்றில் இல்லை. 2012-ல் முடிவு வெளியானது. குறுஞ்செய்தி பெற்றவர்களுக்குக் கிடைத்த விலைக்கும் பெறாதவர்களுக்குக் கிடைத்த விலைக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு எதுவும் இல்லை. சிலர் விற்கும் இடத்தைச் சற்று மாற்றினார்கள், சிலர் விளைச்சலைத் தரம் பிரித்து விற்றார்கள், அவ்வளவே.

இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்குத்தான் விஷயம் பிடிபடும் என்று நினைக்கிறேன். மத்திப் படகு கடலில் நிற்கும்போது அதற்கு எல்லாக் கரையும் திறந்த கரை. எங்கே போனாலும் சரக்கு அதே வண்டியில்தான் போகிறது, படகுதான் வண்டி. ஓட்டுபவரே உரிமையாளர், அல்லது உரிமையாளரின் ஆள். சுக்கானைத் திருப்பினால் போதும். அறுத்துக் கட்டிய வெங்காய மூட்டையோடு நிற்கும் சிறு விவசாயி அப்படியா? லாரி வாடகை, மண்டியில் தெரிந்த முகம், எடை போடுபவரின் தயவு, ஏற்கெனவே வாங்கிய முன்பணம் என்று எத்தனையோ கயிறுகள். புனேயில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதல் என்று போனில் வந்தால் அவர் அதைப் படிக்கலாம். அதைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்று மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. 2000-ல் ஐடிசி நிறுவனம் அங்கே இ-சௌபால் என்ற பெயரில் கிராமங்களில் கணினி நிலையங்களை வைத்தது. தொலைபேசிக் கம்பி சரியில்லாத ஊர்களில் செயற்கைக்கோள் இணைப்பும், மின்சாரத்துக்குச் சூரியத் தகடும் கொடுத்தது. உள்ளூர் விவசாயி ஒருவர் வீட்டிலேயே கணினி இருக்கும். மண்டியில் சோயாவின் விலை என்ன என்று அவர் பார்த்துச் சொல்வார். இதுவரைக்கும் ராய்ட்டர்ஸ் செய்ததுதான். ஐடிசி கூடுதலாக ஒன்று செய்தது: கிடங்குகள் திறந்து சோயாவைத் தானே நேரடியாக வாங்கியது. மண்டி விலை பிடிக்காவிட்டால் மாட்டு வண்டியை அந்தக் கிடங்குக்குத் திருப்பலாம். அபராஜிதா கோயல் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், நிலையங்கள் வந்த மாவட்டங்களில் மண்டியிலேயே சோயா விலை 1 முதல் 3 சதவீதம் உயர்ந்திருந்தது. ஐடிசிக்கு விற்காதவர்களுக்கும் அந்த உயர்வு கிடைத்தது. மண்டி வியாபாரிகள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. விவசாயிக்குப் போக வேறு இடம் இருப்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

ஐடிசி தர்மத்துக்கு இதைச் செய்யவில்லை. நடுவில் இருந்தவர்களின் தரகு மிச்சமானது, தரமான சரக்கு நேராக வந்தது. அதில் குற்றம் காண எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு பெரிய வாங்குபவர் வருவதும் போவதும் அவருடைய கணக்கைப் பொறுத்தது என்பதை விவசாயி மறந்துவிட முடியாது.

மீனவர்களுக்கும் கயிறு இல்லாமல் இல்லை. படகு வாங்க, இன்ஜின் பழுதுபார்க்க, மழைக்கால வேலையில்லா மாதங்களை ஓட்ட, ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்குவது இந்தியக் கரைகளில் பழைய வழக்கம். வாங்கியவர் மீனை அவரிடம்தான் கொண்டுவர வேண்டும். வட்டிக்குப் பதில் ஏலத் தொகையில் ஒரு பங்கு போகும். ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரெலும் கேரள மீனவர்களிடம் திரும்பப் போய்ப் பேசி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், விலை விசாரிப்பது மட்டுமே கதை அல்ல என்று தெரிந்தது. யாரிடம் கடன், எந்தச் சங்கத்தில் உறுப்பினர், எந்தத் துறைமுகம், எந்த வகை வலை என்பதையெல்லாம் பொறுத்தே போன் பயன்பட்டது. கடன்பட்டவர் போனில் நல்ல விலை கேட்டுவிட்டுப் பழைய ஏலக்காரரிடமே மீனை இறக்கலாம். ஜென்சனின் எண்கள் பொய் என்று இதற்குப் பொருளில்லை. அந்த எண்கள் அந்தக் கரையின் எண்கள், அங்கே இருந்த சுதந்திரத்தின் எண்கள்.

புதுச்சேரிக் கதை இங்கே பொருந்தும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. தொலைபேசி எட்டாத ஊர்களுக்கு வயர்லெஸ் கருவி வழியாகச் செய்தியும் தரவும் போயின. இடத்தை ஊர்தான் தர வேண்டும், அது எல்லாச் சாதியினரும் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பல பெரிய திட்டங்கள் யோசிக்காத நிபந்தனை. மீனவர் கிராமமான வீராம்பட்டினத்துக்குப் போன செய்திகளில் முக்கியமானது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிட்ட கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, கடற்கரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கையில் கருவி வேண்டியதில்லை. கேட்டவர் கடலுக்குப் போகலாம், அல்லது வலையைத் தைத்துக்கொண்டு கரையில் இருக்கலாம். அந்த முடிவுக்கு எந்த ஏலக்காரரின் சம்மதமும் தேவையில்லை.

2004 டிசம்பர் 26 அன்று பக்கத்து நல்லவாடு கிராமத்தில் இதே ஏற்பாடு வேறு வேலைக்கு உதவியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். சுமார் 3,600 பேர் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின.

தகவலை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற இடைப்படியே இல்லாமல், செய்தியே செயலாகிவிட்டால்? கென்யாவில் அது நடந்தது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம், போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசா சேவையைத் தொடங்கியது. நைரோபியில் கூலிவேலை செய்பவர் ஊருக்குப் பணம் அனுப்ப அதுவரை பஸ் டிரைவரையோ ஊருக்குப் போகும் தெரிந்தவரையோ நம்ப வேண்டும். வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் சிறுபான்மை. முதலில் சிறுகடன் தவணை கட்டுவதற்காகத்தான் இதைச் சோதித்தார்கள். மக்கள் அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தினார்கள். நிறுவனம் அதைக் கவனித்துத் திட்டத்தையே மாற்றியது. சாதாரண பட்டன் போனின் சிம் கார்டில் ஒரு பட்டியல் இருக்கும். எண்ணையும் தொகையையும் ரகசிய எண்ணையும் அடித்தால், அது பூட்டிய குறுஞ்செய்தியாகப் போய்க் கணக்கில் வரவு செலவு எழுதும். அந்தக் கணக்குக்கு ஈடான உண்மைப் பணம் வங்கியில் அறக்கட்டளைக் கணக்கில் இருக்கும்.

இதில் அதிசயம் குறுஞ்செய்தி அல்ல, தெருமுனைப் பெட்டிக்கடைதான். போனில் வந்த தொகையை நோட்டாக மாற்றித் தர ஆள் வேண்டும். அந்தக் கடைக்காரர் கல்லாவில் நோட்டும் போனில் இருப்பும் இரண்டும் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாடெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள் முகவர்களான பிறகுதான் எம்-பெசா உயிர் பெற்றது. வில்லியம் ஜாக், தவ்னீத் சூரி ஆகிய இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இந்தக் கடைகளைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை முகவர்கள் வந்தார்கள், அந்த வீட்டின் செலவு எப்படி மாறியது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். நோயோ வேலையிழப்போ வந்தபோது எம்-பெசா இல்லாத வீடுகளின் நுகர்வு 7 சதவீதம் விழுந்தது. இருந்த வீடுகளில் விழவில்லை. தூரத்து அண்ணனும் அத்தையும் அன்றைக்கே கொஞ்சம் அனுப்பிவிட்டார்கள். 2016-ல் வெளியான அவர்களுடைய மதிப்பீட்டின்படி 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், வறுமைக்கோட்டைத் தாண்டின. பெண்கள் தலைமையில் நடக்கும் குடும்பங்களில் பலன் அதிகம். 1,85,000 பெண்கள் பயிர்வேலையை விட்டுச் சிறுவியாபாரத்துக்கு வந்தார்கள். இந்த எண்களை மிகை என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

அதே போனில் பிறகு கடனும் வந்தது. 2012-ல் ஒரு வங்கியும் சஃபாரிகாமும் சேர்ந்து சில நிமிடங்களில் சிறுகடன் தரும் எம்-ஷ்வாரியைத் தொடங்கின. அவசரத்துக்கு அது பலருக்கு உதவியது. பின்னாலேயே கடன் செயலிகள் கூட்டமாக வந்தன. சின்னத் தொகை, சில வாரத் தவணை, ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மலைக்க வைக்கும் வட்டி. தவணை தவறினால் கடன் வாங்கியவரின் அக்கா, முதலாளி, சர்ச் பாதிரியார் வரைக்கும் போன் போகும். நம் ஊரில் இந்தச் செயலிகளிடம் சிக்கியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏலக்காரரின் முன்பணத்துக்காவது ஒரு முகம் இருந்தது. மழைக்காலத்தில் பேசிப் பார்க்கலாம். கென்ய மத்திய வங்கி 2022 மார்ச்சில் இந்தத் தொழிலுக்கு உரிமமும் விதிகளும் கொண்டுவந்தது. கடன் திரும்பாதபோது வாங்கியவரின் போனில் உள்ள எண்களை எடுத்து, அந்த எண்களுக்குச் செய்தி அனுப்பி அவரை அவமானப்படுத்தக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.